பகை நாடுகள் ஏன் ஆற்றையும் காட்டையும் பற்றிப் பேச வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் போட்டித் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்குப் பன்னாட்டு உறவுகள் பாடம் எடுத்துவருகிறேன். மேட்டூர், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு என்று நாலாபக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். மோதல் நிலவும் பகுதிகளில் சுற்றுச்சூழலையும் பாதுகாப்பையும் நாடுகள் எப்படிச் சேர்ந்து கவனிக்கின்றன என்ற பாடம் வரும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் எழுகின்றன. ஒருவருக்குச் சொன்ன பதில் அடுத்தவருக்குப் போய்ச் சேருவதற்குள் பாதியாகிவிடுகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன்.

சுற்றுச்சூழல் என்றால் மரம், தண்ணீர். பாதுகாப்பு என்றால் ராணுவம். இரண்டையும் ஏன் சார் ஒரே பாடத்தில் வைத்திருக்கிறார்கள்?

சண்டை பெரும்பாலும் நிலத்துக்காகவும் தண்ணீருக்காகவும் மண்ணுக்கடியில் இருப்பதற்காகவும்தான் நடக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2009-இல் வெளியிட்ட அறிக்கை, அதற்கு முந்தைய 60 ஆண்டுகளில் நடந்த உள்நாட்டுப் போர்களில் குறைந்தது 40 சதவீதத்துக்கு இயற்கை வளங்களோடு தொடர்பு இருந்தது என்று சொல்கிறது. போர் முடிந்த பிறகும் விஷயம் முடிவதில்லை. எரிந்த எண்ணெய்க் கிணறு, நஞ்சான மண், கண்ணிவெடி புதைந்த வயல் என்று எதிலிருந்தும் மக்கள் பிழைக்க முடியாத நிலை வந்தால், அடுத்த சண்டைக்கு ஆள் சேர்ப்பது எளிதாகிவிடும்.

ஆறும் காற்றும் எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. ஒரு நாடு தனியாக எவ்வளவு முயன்றாலும் பாதி வேலைதான் நடக்கும். அதனால்தான் இது பன்னாட்டுப் பாடம்.

அப்படியானால் "வறட்சி வந்தால் போர் வரும்" என்று எழுதினால் போதுமா?

போதாது. விடைத்தாள்களில் நான் அதிகம் திருத்தும் வரி இதுதான். ஆப்பிரிக்காவின் சாட் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த ஏரி, 1980-களின் வறட்சியில் அதில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. "ஏரி வற்றியது, போகோ ஹராம் வளர்ந்தது" என்று பலரும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். ஆண்டுகளைப் பாருங்கள். நைஜீரியாவில் உருவான தீவிரவாதக் குழுவான போகோ ஹராமின் ஆயுதக் கிளர்ச்சி 2009-இல்தான் வெடித்தது. அதற்குள் ஏரி ஓரளவு மீண்டிருந்தது. அரசு எட்டிப்பார்க்காத கிராமங்கள், வேலையற்ற இளைஞர்கள், காவல்துறையின் அடக்குமுறை, பிறகு ராணுவம் மீன் வணிகத்துக்குப் போட்ட தடைகள் எல்லாம் சேர்ந்துதான் அந்த நெருப்பை மூட்டி வளர்த்தன. வறட்சி ஏற்கெனவே இருக்கும் பிளவை அகலப்படுத்தும். பிளவை உண்டாக்குவதும் மூடுவதும் ஆட்சியின் கையில் இருக்கிறது.

அந்த ஏரியைச் சுற்றியுள்ள காமரூன், சாட், நைஜர், நைஜீரியா ஆகிய நான்கு நாடுகளும் 1964-லேயே சாட் ஏரிப்படுகை ஆணையத்தை அமைத்துக்கொண்டன. நீரைப் பகிரவும் நிர்வகிக்கவும் உண்டான அமைப்பு அது. அரை நூற்றாண்டு கழித்துக் கிளர்ச்சியாளர்களை எதிர்க்கப் பல நாட்டுக் கூட்டுப்படை தேவைப்பட்டபோது, அந்தப் படைக்குக் கூரையாக நின்றதும் அதே நீர் ஆணையம்தான். முன்பே பேசிப் பழகிய மேசை இருந்ததால் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியிருக்கவில்லை.

போரில் காட்டையும் ஆற்றையும் அழிக்கக் கூடாது என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. வியட்நாம் போர் கற்றுக்கொடுத்த பாடத்திலிருந்து பிறந்தவை அவை. 1961 முதல் 1971 வரை அமெரிக்கா அங்கே காடுகளின் மீது களைக்கொல்லி தெளித்தது. எதிரியின் பாதை சேறாக வேண்டும் என்று மேகத்தில் ரசாயனம் தூவி மழை பெய்யவைக்கவும் முயன்றது. இதற்குப் பிறகு இயற்கையை மாற்றியமைத்து ஆயுதமாக்குவதைத் தடுக்கும் உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1976-இல் ஏற்றது. அது 1978-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதில் உறுப்பினர். ஜெனீவா ஒப்பந்தங்களுக்கான 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை, இயற்கைக்குப் பரவலான, நீண்டகால, கடுமையான சேதம் விளைவிக்கும் போர்முறைகளைத் தடுக்கிறது. இந்தியா இதில் சேரவில்லை.

சட்டத்தின் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும். அந்த நெறிமுறையின்படி சேதம் பரவலாகவும், நீண்டகாலத்துக்கும், கடுமையாகவும் இருந்தால்தான் குற்றம். மூன்றும் ஒருசேரப் பொருந்துவது அரிது. அதனால் பெரிய பெரிய அழிவுகள்கூடச் சட்டத்தின் வலையில் சிக்காமல் நழுவிவிடுகின்றன.

சட்டம் இருந்து என்ன பயன்? எந்த நாடாவது அபராதம் கட்டியிருக்கிறதா?

ஈராக் கட்டியிருக்கிறது. 1991-இல் குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக் படைகள் 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தன. கடைசிக் கிணற்றை அணைக்க அந்த ஆண்டு நவம்பர் 6 வரை ஆயிற்று. சுற்றுச்சூழல் சேதத்துக்கும் ஈராக்கே பொறுப்பு என்று பாதுகாப்பு கவுன்சிலின் 687-ஆம் தீர்மானம் வெளிப்படையாகச் சொன்னது. அதற்கென்று ஓர் இழப்பீட்டு ஆணையம் அமைத்து, ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கைத் தொடர்ந்து பிடித்தார்கள். 2022 ஜனவரியில் கடைசித் தவணை செலுத்தப்பட்டபோது மொத்தம் சுமார் 5,240 கோடி டாலர் ஆகியிருந்தது. அதில் ஏறக்குறைய 530 கோடி டாலர் சுற்றுச்சூழல் சேதத்துக்கு ஒதுக்கப்பட்டது. குவைத்தில் வேலையை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய இந்தியத் தொழிலாளர்களுக்கும் இந்த ஆணையத்தின் வழியாகவே இழப்பீடு கிடைத்தது.

இதை எல்லா இடத்துக்கும் பொருத்திவிடாதீர்கள். ஈராக் போரில் தோற்ற நாடு. பாதுகாப்பு கவுன்சிலில் அதைக் காப்பாற்ற யாரும் இல்லை. எந்தத் தீர்மானத்தையும் தனியாகவே தடுக்கும் ரத்து அதிகாரம் (வீட்டோ) உள்ள நாடு இதையே செய்தால் என்ன ஆகும்? வியட்நாமை மறுபடி பாருங்கள். அங்கே நீதிமன்றமோ ஆணையமோ வரவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து இரு நாடுகளும் நெருங்கிய பிறகு, அமெரிக்கா தன் விருப்பத்தின் பேரில் பணம் கொடுத்து அந்தக் களைக்கொல்லியால் நஞ்சான டானாங் விமான நிலையத்து மண்ணைச் சுத்திகரித்தது. அந்த வேலை 2018-இல் முடிந்தது.

எதிரி நாட்டோடு தண்ணீர் ஒப்பந்தம் போடுவது முட்டாள்தனம் இல்லையா?

நட்பு நாட்டோடு சண்டை வந்தால் தொலைபேசியிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். எழுதி, கையெழுத்திட்டு, நடுவர் யார் என்று குறித்துவைக்க வேண்டிய தேவை எதிரியோடுதான் அதிகம். நான் இந்தப் பாடத்தை இவ்வளவு பிடிவாதமாக நடத்துவதற்குக் காரணமே இதுதான்.

சிந்து நதி ஒப்பந்தம் 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் கையெழுத்தானது. நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டார்கள். உலக வங்கியும் கையெழுத்திட்டது. ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. 1965, 1971, 1999 என்று மூன்று போர்களிலும் அது முறியவில்லை. இரு நாட்டிலும் ஒவ்வோர் ஆணையர் இருந்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது சந்தித்து, நீர் அளவுகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடுதான் அதன் முதுகெலும்பு.

ஆனால் 2025-இல் இந்தியா அதை நிறுத்திவைத்துவிட்டதே? அப்படியென்றால் ஒப்பந்தம் தோற்றுவிட்டது என்று எழுதலாமா?

பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, இந்தியா ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. பயங்கரவாதத்தை ஆதரித்துக்கொண்டே ஒப்பந்தத்தின் பலனையும் அனுபவிக்க முடியாது என்பது இந்தியாவின் வாதம். ஒருதலையாக விலக ஒப்பந்தத்தில் இடமில்லை என்பது பாகிஸ்தானின் வாதம். ஒப்பந்தத்தின் வாசகத்தில் தனியாக வெளியேறும் பிரிவு இல்லை என்பது உண்மை. இரண்டையும் எழுதுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனித்தவர்கள் குறைவு. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜம்முவில் தாவி ஆறு பெருக்கெடுத்தபோது, இந்தியா பாகிஸ்தானுக்கு வெள்ள எச்சரிக்கை கொடுத்தது. சிந்து ஆணையர் வழியாகக் கொடுக்காமல் தூதரகத்தின் வழியாக, மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லிக் கொடுத்தது. ஒப்பந்தம் உறங்கினாலும் ஆறு உறங்குவதில்லை. தகவலைச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் வேறு வாசல் வழியாக வந்து நின்றது. இதை வைத்து ஒப்பந்தம் வெற்றி என்றும் சொல்ல முடியாது, தோல்வி என்றும் சொல்ல முடியாது. 65 ஆண்டுகள் ஓடிய ஓர் ஏற்பாடு இப்போது பெரும் சோதனையில் இருக்கிறது.

நான் மேட்டூர்க்காரன். காவிரியும் இதே கதைதானே? அது ஏன் பன்னாட்டுப் பாடத்தில் இல்லை?

ஒரே நாட்டுக்குள் ஓடுவதால் இல்லை. ஆனால் பன்னாட்டு நதிப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பயிற்சிக்களம் உங்களுக்குக் கிடைக்காது. 1924-இல் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் ஒப்பந்தம் செய்துகொண்டதால்தான் கிருஷ்ணராஜசாகரும் மேட்டூர் அணையும் சாத்தியமாயின. 1934-இல் மேட்டூர் முடிந்தது: 120 அடி, 93.47 டி.எம்.சி. பிறகு 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தமிழ்நாட்டுக்குப் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வந்துசேர வேண்டும் என்று முடிவாயிற்று. இடையில் 1991-இல் இடைக்கால உத்தரவு வந்தபோது பெங்களூருவில் தமிழர்கள் தாக்கப்பட்டதும், சொந்த வீட்டை விட்டு ஓடிவந்ததும் இந்த வரலாற்றில் சேர்ந்ததே.

பிலிகுண்டுலுவில் என்ன இருக்கிறது என்று நினைத்துப்பாருங்கள். மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம். ஆற்றில் நட்ட அளவுகோலில் நீர்மட்டம் பார்க்கிறார்கள், ஓட்டத்தின் வேகத்தை அளக்கிறார்கள், விநாடிக்கு எத்தனை கனஅடி என்று எழுதுகிறார்கள். காலையில் செய்தித்தாளில் நீங்கள் பார்க்கும் நீர்வரத்து அதுதான். அந்த எண்ணை எழுதுவது சென்னையோ பெங்களூருவோ அல்ல, மூன்றாவது ஆள். எவ்வளவு தர வேண்டும் என்பதில் இரு மாநிலங்களும் எவ்வளவு மோதினாலும், எவ்வளவு வந்தது என்பதில் சண்டை பெரிதாக வளராததற்கு அதுவே காரணம். உலகில் மோதல் நிலவும் பல நதிகளில் இப்படி ஒரு பொது அளவுகோல்கூடக் கிடையாது. ஒரு நாடு தன் அணையின் கணக்கை ராணுவ ரகசியம்போலப் பூட்டிவைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2003-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் சந்தித்து "காவிரிக் குடும்பம்" என்ற குழுவை அமைத்தார்கள். மாண்டியாக்காரர் தஞ்சாவூர் வயலைப் பார்த்தார், தஞ்சாவூர்க்காரர் மாண்டியா வயலைப் பார்த்தார். பிரச்சினை அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் பற்றாக்குறைக் காலத்தில் எதிரே இருப்பவருக்கும் பயிர் கருகுகிறது என்பதை அதிகாரிகளின் வாய்மொழியாக இல்லாமல் நேரில் பார்த்தார்கள். பற்றாக்குறை ஆண்டில் எப்படிப் பங்கிடுவது என்ற சூத்திரத்தில் இன்றும் இழுபறி நீடிக்கும்போது, அந்தச் சந்திப்புகள் நிற்காமல் தொடர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் ஆதங்கம்.

போர் நடந்துகொண்டிருக்கும் இடத்தில் யார் போய் இந்த வேலையெல்லாம் செய்வார்கள்?

செய்திருக்கிறார்கள். ஏமன் கரைக்கு அப்பால் "சேஃபர்" என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரமிட்டு நின்றது. 1976-இல் கட்டியது. 2015-இல் போர் தொடங்கியதும் பராமரிப்பு நின்றுபோனது. உள்ளே சுமார் 11 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய். துருப்பிடித்து உடைந்திருந்தால் செங்கடலின் பவளப்பாறைகளும் மீன்பிடித் தொழிலும் நாசமாகியிருக்கும். உணவுக் கப்பல்கள் வரும் துறைமுகங்கள் மூடப்பட்டு, ஏற்கெனவே பட்டினியில் கிடந்த நாடு இன்னும் தவித்திருக்கும். ஐ.நா. பல ஆண்டுகள் ஹூதி கிளர்ச்சியாளர்களோடும் அரசோடும் பேசி, நாடுகளிடமும் பொதுமக்களிடமும் பணம் திரட்டி, வேறொரு கப்பலை வாங்கி, 2023 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 11 வரை எண்ணெயை அதற்கு மாற்றியது. ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த இரு தரப்பும் இதற்கு மட்டும் இசைந்தன.

உக்ரைனில் சபோரிஷியா அணுமின் நிலையம் ரஷ்யாவின் பிடியில் இருக்கிறது. அங்கே 2022 செப்டம்பர் முதல் பன்னாட்டு அணுசக்தி முகமையின் நிபுணர்கள் மாறி மாறித் தங்கிக் கண்காணிக்கிறார்கள். அதே போரில் 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை தகர்க்கப்பட்டதையும் மறக்க வேண்டாம். அந்த அணையின் நீர்த்தேக்கத்திலிருந்துதான் அணுமின் நிலையம் குளிர்விக்கும் நீரை எடுத்துக்கொண்டிருந்தது. கண்காணிப்பாளர் இருந்தால் எல்லாம் தடுக்கப்பட்டுவிடும் என்று யாரும் நினைக்கக் கூடாது.

கண்ணிவெடி அகற்றுவது ராணுவ வேலைதானே? அதை ஏன் சுற்றுச்சூழலில் சேர்க்கிறீர்கள்?

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வந்து படித்த ஒரு மாணவி இதைக் கேட்டாள். அவளுடைய அம்மம்மாவின் காணி வன்னியில் இருக்கிறது. கண்ணிவெடி இருக்கும் நிலத்தில் ஏர் இறங்காது, மாடு மேயாது, கிணறு தூர்வார முடியாது. விறகுக்குப் போனவர் கால் இழந்து வருவார். பயமில்லாத பக்கத்துக் காட்டை எல்லோரும் சேர்ந்து வெட்டுவதால் அதுவும் போய்விடும். மண்ணைக் கெடுப்பது நஞ்சாக இருந்தால் என்ன, வெடியாக இருந்தால் என்ன?

இலங்கையின் வடக்கில் முகமாலை போன்ற இடங்களில் இந்த வேலை நடந்த விதம் கவனிக்கத்தக்கது. முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பும் உடலுக்குக் கவசமும் அணிந்து, ஒருவர் தனக்கு ஒதுக்கிய குறுகலான பாதையில் முழங்காலிட்டு, கைப்பிடி நீண்ட முள்வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி இழுக்கிறார். பார்த்து முடித்த மண்ணுக்கும் பார்க்காத மண்ணுக்கும் நடுவே கழி நட்டுக் குறிக்கிறார்கள். வெயிலில் ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் முன்னேறுவது சில அடிகள்தான். போரில் கணவனை இழந்த பெண்கள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். பணம் ஜப்பான், நார்வே, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளிடமிருந்து வந்தது. 2009-க்குப் பிறகு இந்திய அரசின் செலவில் நம் முன்னாள் ராணுவத்தினரின் குழுக்களும் அங்கே வேலை செய்தன. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை.

பாக் நீரிணை மீனவர் பிரச்சினையையும் இதில் எழுதலாமா? எழுதினால் நம் மீனவர்களுக்கு எதிராகப் பேசுவதுபோல் ஆகிவிடாதா?

எழுத வேண்டும். கைதும் துப்பாக்கிச் சூடும் படகுப் பறிமுதலும் நம் மீனவர் குடும்பங்களுக்குப் பெரும் துயரம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அதே நேரத்தில் இழுவைமடி கடலடியைச் சுரண்டி, குஞ்சு குருமான்களையும் வாரிவிடுகிறது. அந்தப் பக்கம் வலை விரித்து நிற்பவர்கள் போரால் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கடலுக்கே சரியாகப் போக முடியாத யாழ்ப்பாணம், மன்னார் பகுதித் தமிழ் மீனவர்கள். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்தது. 2016-இல் இரு நாடுகளும் அமைத்த கூட்டுக்குழு இழுவைமடியைக் கூடிய விரைவில் முடிவுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டது. 2017-இல் நம் அரசு ஆழ்கடல் படகுகளுக்கு மாற மானியத் திட்டம் கொண்டுவந்தது. மாறுவதற்கான கடன் சுமையும் பயிற்சியின்மையும் மீனவர்களைத் தயங்கவைத்தன.

எல்லைக்கோடு, கச்சத்தீவு என்று மட்டும் எழுதினால் விடை அரைகுறையாகிவிடும். கடலில் மீன் இல்லாமல் போனால் கோடு எங்கே இருந்தாலும் இரு கரைக்கும் பட்டினிதான்.

எங்கள் வீட்டில் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. "மோதல் கனிமம்" பட்டியலில் வெள்ளியும் வருமா?

வராது. ஆயுதக் குழுக்களுக்குப் பணம் சேர்க்கும் கனிமங்களைத்தான் மோதல் கனிமம் என்கிறார்கள். காங்கோவை மையமாக வைத்து உருவான அந்தப் பட்டியலில் இருப்பவை வெள்ளீயம், டங்ஸ்டன், டான்டலம், தங்கம் ஆகிய நான்கு. அமெரிக்கா 2010-இல் சட்டம் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வைரத்துக்குத் தனியாக 2003 முதல் கிம்பர்லி நடைமுறை இருக்கிறது. அதில் இந்தியாவும் உறுப்பினர்.

ஏற்காட்டில் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. போர் நின்றுவிட்டால் காடு தானாகத் தப்பித்துவிடும்தானே?

காப்பி விளையும் இன்னொரு மலைநாட்டையே எடுத்துக்கொள்வோம். கொலம்பியாவில் 2016-இல் ஃபார்க் கிளர்ச்சியாளர்களோடு அமைதி உடன்பாடு ஏற்பட்டது. மறு ஆண்டே காடழிப்பு 2 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. ஆயுதத்தோடு இருந்தவர்களுக்குப் பயந்து யாரும் நுழையாத காட்டில், அவர்கள் வெளியேறியதும் மாட்டுப்பண்ணைக்காரர்களும் நில வணிகர்களும் புகுந்தார்கள். அரசு அங்கே போய்ச் சேரவில்லை. முன்னே சாட் ஏரிக்குச் சொன்ன அதே காரணம்தான்.

கொரியாவில் நேர்மாறு. 1953 முதல் இரு கொரியாக்களுக்கும் நடுவே 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஆள் நுழையாத பட்டை இருக்கிறது. அங்கே அரிய கொக்குகள் குளிர்காலத்தில் வந்து தங்குகின்றன. இதைக் காட்டி, பகைமை இயற்கைக்கு நல்லது என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பட்டையிலும் கண்ணிவெடிகள் புதைந்திருக்கின்றன என்பதை அவர்கள் சொல்வதில்லை. அமைதி வரும் நாளுக்கு முன்பே காட்டை யார் காப்பது, நிலம் யாருக்கு என்பதை எழுதிவைக்க வேண்டும். 1995-இல் போரிட்ட பெருவும் ஈக்வடாரும் 1998 அமைதி உடன்பாட்டிலேயே எல்லைக் காடுகளைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்க இசைந்தன.

ராணுவ விமானமும் டாங்கியும் விடும் புகை பருவநிலைக் கணக்கில் வருகிறதா?

முழுமையாக வருவதில்லை. 1997 கியோட்டோ பேச்சுவார்த்தையில் ராணுவப் புகையின் பெரும்பகுதிக்கு விலக்கு கிடைத்தது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் விலக்கு நீங்கியது, ஆனால் தெரிவிப்பது அவரவர் விருப்பம்.

பருவநிலை மாற்றத்தைப் பாதுகாப்பு கவுன்சிலில் சேர்க்கும் தீர்மானத்தை இந்தியாவே எதிர்த்து ஓட்டுப் போட்டதாமே? நாம் ஒத்துழைப்புக்கு எதிரானவர்களா?

2021 டிசம்பர் 13 அன்று அயர்லாந்தும் நைஜரும் கொண்டுவந்த தீர்மானம் அது. 12 நாடுகள் ஆதரித்தன, சீனா விலகி நின்றது, இந்தியாவும் ரஷ்யாவும் எதிர்த்தன. ரஷ்யாவுக்கு ரத்து அதிகாரம் இருப்பதால் தீர்மானம் விழுந்தது. பருவநிலையைப் பேச எல்லா நாடுகளும் சமமாக அமரும் ஐ.நா. பருவநிலை மாநாடு இருக்கும்போது, ஐந்து நாடுகளின் கையில் ரத்து அதிகாரம் உள்ள மன்றத்துக்கு அதை ஏன் மாற்ற வேண்டும் என்று இந்தியா கேட்டது. அதிகம் புகைவிட்ட பணக்கார நாடுகள் தங்கள் நிதி வாக்குறுதியிலிருந்து கவனத்தைத் திருப்ப இது வழியாகிவிடும் என்ற அச்சமும் அதில் இருந்தது.

அந்த அச்சம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஈராக்குக்கு ஒரு நீதி, வல்லரசுக்கு வேறு நீதி என்று மேலே பார்த்தோம். ஆனால் நைஜர் பணக்கார நாடு இல்லை. சாட் ஏரிக் கரையில் தினம் தினம் பிணம் விழும் நாடு. தன் துயரத்தை உலகின் மிகப் பெரிய மன்றம் கேட்க வேண்டும் என்று அது விரும்பியது. அந்த நாட்டுக்கு "இந்த இடம் அல்ல" என்று சொல்லும்போது எந்த இடம், எப்போது, எவ்வளவு பணத்தோடு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். விடை எழுதும்போது இந்தியாவின் வாதத்தையும் நைஜரின் நிலையையும் ஒரே பக்கத்தில் வையுங்கள்.